விழிதியூரில் தோற்காதவன்

நான்கு வருடம் நான் எவரிடமும் தோற்றதில்லை. எங்கே ஆடினேன், யாரோடு ஆடினேன் என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால், விழிதியூரில் மாமியார் வீட்டுக் கூடத்தில், மாமியார் பெற்ற இரண்டு பிள்ளைகளோடு என்று சொல்ல வேண்டி வரும். அந்த இருவரில் ஒருத்தி என் மனைவி, இன்னொருவன் அவள் தம்பி. உலக சாம்பியன்களும் ஏதோ ஒரு வீட்டுக் கூடத்தில்தான் தொடங்கியிருப்பார்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆரம்பித்தது என் தலை தீபாவளிக்கு. எண்ணெய்க் குளியல் முடிந்து, புது வேட்டி கட்டி, பலகாரம் தின்று, இனி என்ன செய்வது என்று தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மாமியார் வீட்டில் மாப்பிள்ளைக்கு உட்கார்வதைத் தவிர வேறு வேலை கிடையாது. மின்விசிறி என் பக்கம் திருப்பப்பட்டிருந்தது. இஞ்சினியரிங் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்த மைத்துனன் என் சங்கடத்தைப் பார்த்துவிட்டு, ஒரு வீடியோ கேம் பெட்டியை எடுத்து வந்து டிவியில் மாட்டினான்.

அதில் இருந்த சண்டை விளையாட்டைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வேறு வேறு விளையாட்டுகளில் தனித்தனியாகப் பிழைத்துக்கொண்டிருந்த நாயகர்களை எல்லாம் கூட்டி வந்து, அந்தரத்தில் தொங்கும் ஒரே மேடையில் ஏற்றிவிட்டு, அடித்துக்கொள்ளச் சொல்வார்கள். பந்தயக் கார் ஓட்டியவன், பூதத்தை வெட்டியவன், தோட்டத்தில் காய்கறி பயிரிட்டவன், எல்லோரும் அங்கே வந்து நிற்பார்கள். என்ன தகராறு என்று ஒருவரும் கேட்பதில்லை. எங்கள் பக்கத்துக் கல்யாண மண்டபங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. எதிராளியைக் கொல்ல வேண்டாம், மேடைக்கு வெளியே தூக்கி எறிந்தால் போதும். ஆளுக்கு மூன்று உயிர்.

மற்ற சண்டை விளையாட்டுகளில் அடி வாங்கினால் உயிர்க்கோடு குறைந்துகொண்டே வரும். இதில் ஒவ்வொருவர் படத்துக்குக் கீழேயும் ஒரு சதவீதம் இருக்கும். அடி வாங்க வாங்க அது ஏறும். ஏற ஏற ஆள் லேசாகிவிடுவான். நூறைத் தாண்டிவிட்டால், எங்கள் காரைக்கால் மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து இறைக்கிற மாம்பழம் மாதிரி ஒரே அடியில் பறந்துபோய்விடுவான். அதாவது, எண் ஏறினால் ஆபத்து.

இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சதவீதம் என்றால் மதிப்பெண் என்பதை எங்கள் வீட்டில் பிறந்தவுடன் காதில் ஓதிவிடுவார்கள். பள்ளியிலும் கல்லூரியிலும் அறுபதைத் தாண்டாதவன் நான். அன்றைக்கு நான் ஆடத் தேர்ந்தெடுத்த காண்டாமிருகத்தின் படத்துக்குக் கீழே நூற்று நாற்பது என்று சிவப்பு எழுத்தில் மின்னியது. பெருமை தாங்காமல் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நல்லா ஏறுது அத்தான்," என்றான்.

அந்த ஆட்டத்தில் நான்தான் ஜெயித்தேன். அடுத்த ஆட்டத்திலும், அதற்கடுத்த ஆட்டத்திலும். மாமியார் அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மதியம் இலையில் எனக்குப் பெரிய கறித்துண்டாகப் பார்த்து விழுந்தது. வெற்றிக்குக் கிடைத்த பரிசு என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு விழிதியூர் போவதற்கு எனக்குக் காரணமே தேவைப்படவில்லை. நாங்கள் இருப்பது நெரவியில், எனக்கு வேலை காரைக்காலில் ஓர் அலுவலகத்தில். ஞாயிற்றுக்கிழமை என்றால் வண்டி தானாக மாமியார் வீட்டுப் பக்கம் திரும்பும். மருமகனுக்கு எங்கள் மேல் எவ்வளவு பாசம் என்று மாமியார் தெருவில் சொல்லிக்கொண்டாராம். நான் மூன்று உயிரோடு போய் மூன்று உயிரோடு திரும்பிக்கொண்டிருந்தேன்.

சதவீதத்தின் அர்த்தம் ஆறேழு மாதம் கழித்து, விளையாட்டிலேயே இருந்த உதவிப் பக்கத்தைப் படித்தபோது தெரிந்தது. வெட்கமாக இருந்தது. ஆனால் அர்த்தம் தெரியாமலே இத்தனை ஆட்டம் ஜெயித்திருக்கிறேனே, தெரிந்துகொண்டால் என்ன ஆவேன் என்று உடனே மனம் தேறிவிட்டது. தேறாமல் இருந்திருக்கலாம்.

ஜெயிக்கிறவனுக்கு வாய் சும்மா இருக்குமா? மைத்துனனுக்கு அறிவுரை சொல்ல ஆரம்பித்தேன். அவன் ஆடுவது ஒரு வாள்வீரனை. "தம்பி, நீ ஓரத்துக்குப் போனா பதட்டப்படுற. ப்ராக்டிஸ் பண்ணு," என்பேன். அவன் அடக்கமாகத் தலையாட்டுவான். மனைவி ஆடுவது விளக்குமாறு ஏந்திய ஒரு அணிலை. வீட்டில் எவ்வளவு சுறுசுறுப்பானவள், இதில் மட்டும் ஏன் இப்படி மந்தமாக நிற்கிறாள் என்று எனக்கு வருத்தமாகக்கூட இருக்கும். பெண்களுக்குத் தூரக் கணக்கு வராது என்று ஒருநாள் அவளிடம் ஆறுதலாகச் சொன்னேன். நான் இன்றும் உயிரோடு இருப்பது அவளுடைய பெருந்தன்மை.

யாரும் இல்லாத நேரத்தில் மெஷினோடு ஆடுவேன். அதையும் வெளுத்து வாங்குவேன். என் முக்கியமான வெற்றிகளைப் பதிவு செய்து வைத்தேன். அந்த விளையாட்டில் ரீப்ளே என்று ஒன்று உண்டு. முடிந்த ஆட்டத்தைச் சேமித்து வைத்து, வேண்டும்போது திரும்பப் போட்டுப் பார்க்கலாம். நாளைக்குப் பிள்ளை குட்டிகளுக்குக் காட்ட வேண்டாமா?

நான்காவது வருடம், காரைக்கால் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு வீடியோ கேம் கடைக்காரர் அந்த விளையாட்டில் போட்டி வைத்தார். பெயர் கொடுத்துவிட்டு அலுவலகம் முழுக்கச் சொன்னேன். என் பக்கத்து நாற்காலிக்காரருக்கு ஊர் நெடுங்காடு. அவசியம் வந்து பார்க்கிறேன் என்றவர், கடைசி நிமிடத்தில் நடவுக்கு ஆள் கிடைத்துவிட்டது என்று வரவில்லை. மனைவிக்கு நான் போவதே பிடிக்கவில்லை. "வேண்டாங்க, அங்கல்லாம் சின்னப் புள்ளைங்கதான் வரும்," என்றாள். சின்னப் பிள்ளைகளை நான் அழவைத்துவிடுவேன் என்று பயப்படுகிறாள் போல என்று நினைத்தேன். நானும் கூட வரட்டுமா என்றாள். பிள்ளைகள் அழுவதை நீ பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாகக் கிளம்பினேன்.

எனக்கு எதிராக உட்கார்ந்தது இரட்டைச் சடை போட்ட ஒரு பெண். பிளஸ் ஒன் படிக்கிறாளாம். டியூஷனுக்குப் போக வேண்டும், சீக்கிரம் முடித்துவிடலாமா என்று கடைக்காரரிடம் கேட்டாள். அவர் முடித்துவிடலாம் என்றார். முடித்துவிட்டாள்.

என் முதல் உயிர் போனது எப்படி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆட்டம் தொடங்க மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணினார்கள், பிறகு நான் வானத்தில் இருந்தேன். இரண்டாவது உயிருக்கு மேடை ஓரத்தைப் பிடித்துத் தொங்கினேன். அவள் ஓரத்தில் வந்து நின்று, நான் ஏற ஏறத் தட்டிவிட்டாள். மூன்றாவது உயிர் தரையைத் தொட்ட ஞாபகம் இல்லை. அவள் மூன்று உயிரோடு இருந்தாள். அவளுடைய சதவீதம் பூஜ்யம். என் வாழ்நாளில் பூஜ்யத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டது அன்றுதான். அவள் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, உண்மையான அக்கறையோடு கேட்டாள்: "அங்கிள், ஒங்க கன்ட்ரோலர் வேல செய்யலையா?"

ஆமாம் என்றேன்.

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். இந்த விளையாட்டில் சில மேடைகள் நிஜமாகவே கோணிக்கொள்ளும், அதையாவது சொல்லலாம் என்று பார்த்தால், அன்றைய மேடை பலகை போட்டதுபோல் தட்டையாக இருந்தது. காரைக்காலிலிருந்து நெரவி கொஞ்ச தூரம்தான். அன்று நான் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, பின்னால் வந்த சைக்கிள்களுக்கெல்லாம் வழிவிட்டு ஓட்டினேன். கண் கலங்கியது. நாற்பதை நெருங்குகிற ஒரு மனிதன் ஒரு காண்டாமிருகத்துக்காக அழுதான் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் இரண்டு வார்த்தை திட்டியாவது ஆறியிருப்பேன். வீட்டுக்கு வந்து, கன்ட்ரோலர் சரியில்லை என்று மனைவியிடம் சொன்னேன். அவள் காபி போட்டுக் கொடுத்தாள். அதில் சர்க்கரை கொஞ்சம் அதிகமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விழிதியூரில் பெட்டியைப் போட்டு என் பழைய வெற்றிகளைத் திறந்தேன். எனக்குள் இருந்த அந்த வீரன் எங்கே போனான் என்று தேடுவதுதான் நோக்கம். மைத்துனன் கடைக்குப் போகிறேன் என்று நழுவினான். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஆடும்போது நம் ஆளை மட்டும்தான் பார்ப்போம். ரீப்ளேயில்தான் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரியும். என் காண்டாமிருகம் ஒரு பக்கம் காற்றில் கொம்பை வீசிக்கொண்டிருக்கிறது. வாள்வீரன் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறான், அடிக்கவில்லை. அடிபடுவதற்கு வாகாக நிற்க இடம் தேடுகிறான். அணில் என்னை ஒருமுறை ஓரம்வரை தள்ளிவிடுகிறது. பிறகு தப்புச் செய்துவிட்ட மாதிரி பின்வாங்கிப் போய், நான் மேலே ஏறி வரும்வரை காத்து நிற்கிறது. வந்ததும் என் முன்னால் வந்து நிற்கிறது. நான் அடிக்கத் தவறுகிறேன். மறுபடியும் வந்து நிற்கிறது. மறுபடியும் தவறுகிறேன். கடைசியில் பொறுக்க முடியாமல் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அதுவே கீழே குதித்துவிடுகிறது. திரையில் என் காண்டாமிருகம் கையைத் தூக்கி ஆடுகிறது.

பன்னிரண்டு ரீப்ளேயும் பார்த்தேன். பன்னிரண்டும் அதே கதை. அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். ஹேண்டிகேப் என்று ஒரு வசதி, எதிராளிகளின் சதவீதத்தை ஆரம்பத்திலேயே ஏற்றி வைத்து ஆடத் தெரியாதவருக்குச் சலுகை கொடுப்பதற்காக. என் பெயருக்கு நேராக முன்பு அதைப் போட்டுப் பிறகு எடுத்திருந்தது தெரிந்தது. எனக்குச் சதவீதம் புரிகிறவரைக்கும் அதை வைத்து ஓட்டியிருக்கிறார்கள், புரிந்த பிறகு கைத்திறமையால் தோற்றிருக்கிறார்கள். மெஷினின் திறமைக்கு ஒன்றிலிருந்து ஒன்பதுவரை படிகள் உண்டு. அது ஒன்றில் நின்றது. மெஷினும் எனக்கு மாப்பிள்ளை மரியாதை செய்திருக்கிறது.

மனைவியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் மறுக்கவில்லை. முதல் நாளே மாமியார் பிள்ளைகள் இருவரையும் அடுக்களைக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாராம், மாப்பிள்ளை வந்த இடத்தில் அவர் முகம் வாடக் கூடாது என்று. முதல் இலை, பெரிய துண்டு, காற்றடிக்கும் நாற்காலி, இவற்றோடு வெற்றியையும் சேர்த்துப் பரிமாறியிருக்கிறார்கள். பலகாரத்தை வேண்டாம் என்றாலும் இரண்டு வைப்பதில்லையா, அதுபோல. தாயம், சீட்டு எதுவாக இருந்தாலும் எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை தோற்க மாட்டான் என்பது எனக்கும் தெரிந்த வழக்கம்தான். அந்த வழக்கம் டிவிக்குள்ளும் நுழையும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிட அவமானம். நான்கு வருடம் இவர்கள் என்னைக் குழந்தைக்குச் சோறூட்டுகிற மாதிரி வைத்திருந்திருக்கிறார்கள். ஒரே ஒரு ஆட்டமாவது நான் நிஜமாக ஜெயித்தேனா என்று கேட்டேன். அவள் நேர்மையானவள். நெடுநேரம் யோசித்தாள்.

"ஒண்ணு இருக்குன்னு நெனக்கிறேன். போன பொங்கலுக்கு. அன்னைக்கு எனக்குக் காய்ச்சல்."

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆசைதான். ஒரு ஆட்டம். யாரும் விட்டுக்கொடுக்காத, யாருக்கும் காய்ச்சல் இல்லாத ஒரு ஆட்டம். அதை நான் ஜெயிக்க வேண்டும். பதவி உயர்வுக்குக்கூட நான் இவ்வளவு ஏங்கியதில்லை.

மைத்துனனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தபோது பெட்டியை எங்களிடமே கொடுத்துவிட்டான். "கோச்சுக்காதீங்க அத்தான். ஒங்ககிட்ட சந்தேகம் வராம தோக்குறதுக்கு நான் தனியா ப்ராக்டிஸ் பண்ணேன்," என்றான். ஆறுதல் சொல்வதில் அந்தக் குடும்பமே தனி ரகம்.

நெரவி வீட்டில் பயிற்சி தொடங்கியது. பயிற்சிக்கென்று ஒரு முறை இருக்கிறது. அதில் எதிராளி பேசாமல் நிற்பான், எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாம். விழிதியூருக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பிறகு மெஷினை இரண்டாம் படிக்கு ஏற்றினேன், தோற்றேன். தோற்றுத் தோற்று ஐந்தாம் படிக்கு வந்தேன். அடியைத் தடுக்கும் கவசம் போடக் கற்றுக்கொண்டேன். ஓரத்தில் தொங்கும்போது பதறாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். இணையத்தில் முகம் தெரியாதவர்களோடு ஆடுகிற முறையும் உண்டு. அங்கே போய் எந்தெந்த தேசத்துப் பிள்ளைகளிடமோ அடி வாங்கினேன். நான் அவர்கள் வீட்டு மாப்பிள்ளை என்பது அவர்கள் யாருக்கும் தெரியவில்லை.

மனைவி இப்போது நிஜமாக ஆடினாள். சாயங்காலம் அரிசியை உலையில் போட்டுவிட்டு வந்து உட்கார்வாள், சோறு கொதிப்பதற்குள் என்னை மூன்று முறை கீழே தள்ளிவிட்டுக் கஞ்சி வடிக்கப் போய்விடுவாள். அந்த அணில் அவ்வளவு வேகமாக ஓடும் என்பது நான்கு வருடமாக எனக்குத் தெரியாது. கோபமாகவும் இருந்தது, பார்க்க அழகாகவும் இருந்தது. ஒரு வருடத்தில் அவளுடைய மூன்று உயிரில் இரண்டை எடுக்கிற அளவுக்கு வந்தேன். மூன்றாவதை எடுக்க முடியவில்லை. அவளும் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுத்தால் விவாகரத்து என்று சொல்லி வைத்திருந்தேன்.

அந்த வருடம் என் தங்கைக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்தார். எண்ணெய்க் குளியல், புது வேட்டி, பலகாரம், காற்றடிக்கும் நாற்காலி. எல்லாம் முடிந்து அவரும் உட்கார்ந்திருந்தார். டிவிக்குக் கீழே இருந்த பெட்டியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. ஹாஸ்டலில் இதில் நான்தான் ராஜா, ஒரு ஆட்டம் போடலாமா மச்சான் என்றார்.

போட்டோம். அரை நிமிடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, அவருக்கு ஆடத் தெரியாது. ஒரே பட்டனை அழுத்திக்கொண்டு ஓடிவருகிறார். கவசம் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. என் பழைய காண்டாமிருகமே எழுந்து வந்தது போல் இருந்தது. ஒரு வருடமாக நான் தேடிக்கொண்டிருந்த ஆட்டம் இதுதான். இவர் எனக்கு விட்டுக்கொடுக்கப் போவதில்லை, காய்ச்சலும் இல்லை. ஜெயித்தால் அது என் வெற்றி.

ஜெயிக்கிற அவசரத்தில் நானே இரண்டு முறை தவறிக் கீழே விழுந்திருந்தேன். அவருக்கும் எனக்கும் ஆளுக்கு ஓர் உயிர் மிச்சம் இருந்தபோது, வடை ஆறிவிடும் என்று அம்மா என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டார். ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் போனேன். அம்மாவுக்கு அந்த விளையாட்டின் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. வடைத் தட்டைக் கையில் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பொட்டியில நீ ஜெயிச்சுக் கியிச்சுத் தொலச்சிடாத. மாப்பிள்ள மொகம் வாடக் கூடாது."

திரும்பி வந்து உட்கார்ந்தேன். அவருடைய சதவீதம் நூற்று ஐம்பது. ஒரே அடி போதும். அவர் என் கொம்புக்கு நேராக வந்து நின்றார், அணில் அந்தக் காலத்தில் நின்ற மாதிரியே. ஆனால் இவர் தெரியாமல் நின்றார். தங்கை அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று, தன் புருஷன் ஜெயிப்பதைப் பார்க்கக் காத்திருந்தாள். என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வயிறு எரிந்தது. இந்த எரிச்சலை விழுங்கிக்கொண்டு அவளும் அவள் தம்பியும் நான்கு வருடம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், எனக்கெதிரில் சிரித்த முகமாக உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு ஒரு ஆட்டத்துக்கே உயிர் போயிற்று.

அடிப்பதுபோல் ஓடி, நூலிழையில் தவறவிட்டு, ஓரத்தில் கால் இடறியது போல் கீழே போனேன். குதித்தேன் என்று யாராலும் சொல்ல முடியாது. அவ்வளவு சுத்தமான வேலை.

மாப்பிள்ளை கையைத் தூக்கினார். தங்கை சிரித்தாள். அவர் என் தோளைத் தட்டி, "மச்சான், நீங்க ஓரத்துக்குப் போனா பதட்டப்படுறீங்க. ப்ராக்டிஸ் பண்ணுங்க," என்றார். நான் அடக்கமாகத் தலையாட்டினேன். என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். மதியம் இலையில், மாப்பிள்ளைக்கு வைத்த கறித்துண்டு அளவுக்கே ஒன்றை யாரும் பார்க்காமல் எனக்கும் வைத்தாள்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது மாப்பிள்ளை கேட்டார், காரைக்காலில் ஒரு கடையில் இதற்குப் போட்டி வைக்கிறார்களாமே, நான் பெயர் கொடுக்கட்டுமா என்று. தங்கையின் முகத்தில் பெருமை தாங்கவில்லை. எனக்கு அந்த இரட்டைச் சடைதான் ஞாபகம் வந்தது. வேண்டாம் என்று சொல்லலாம். என்னிடமும்தான் ஒருத்தி சொன்னாள், நான் கேட்டேனா?

"குடுங்க மாப்பிள்ளை. ஆனா தனியாப் போகாதீங்க. நானும் வர்றேன்," என்றேன்.

எதற்கு மச்சான் வீண் சிரமம் என்றார். சிரமமில்லை, திரும்பி வரும்போது வண்டியை நான் ஓட்டிக்கொள்கிறேன் என்றேன்.